பச்சை லேசரைக் கையில் எடுக்கும் முன்

கடந்த ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு வான்நோக்கு இரவு. கல்லூரி மாணவர் ஒருவர் அறுமீன் (கார்த்திகை) விண்மீன் கூட்டத்தைக் காட்டப் பச்சை லேசரை உயர்த்தினார். குளிரில் கோடு எழவில்லை. தட்டிப் பார்த்தார், பேட்டரி மூடியைத் திருகினார், கடைசியில் உள்ளே ஏதாவது எரிகிறதா என்று பார்க்க முனையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான். இன்றும் என் இடது கண்ணால் செய்தித்தாள் படித்தால் பார்க்கும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம் ஓரிரு எழுத்துகள் காணாமல் போகும்.

கண்ணில் அடிக்காதே, கண்ணாடியில் அடிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பலரும் அறியாமல் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

மங்கிய லேசரை உற்றுப் பார்ப்பது

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை லேசர்களில் பெரும்பாலானவற்றில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே டயோடு என்ற சிறு மின்கூறு 808 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதை ஒரு படிகம் உறிஞ்சி 1064 நானோமீட்டர் ஒளியாக மாற்றும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டரில் தரும்போதுதான் பச்சை தெரிகிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது அந்த வடிகட்டியைத்தான்.

இப்போது குளிருக்கு வருவோம். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் டயோடின் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். படிகமோ 808-ஐ ஒட்டிய குறுகிய பட்டையைத்தான் நன்றாக உறிஞ்சும். பதினைந்து டிகிரி குளிர்ந்தாலே பொருத்தம் கெட்டுப் பச்சை மங்கிவிடுகிறது. டயோடு எரிவது மட்டும் நிற்பதில்லை. உறிஞ்சப்படாத அகச்சிவப்பு, வடிகட்டி இல்லாத முனை வழியாக அப்படியே வெளியே வருகிறது. பச்சை மங்கியிருக்கிறது என்பதால் லேசர் வலுவிழந்துவிட்டது என்று யாரும் எண்ணக் கூடாது.

கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? தெரியாது. கூசும் ஒளி பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும், ஆனால் அகச்சிவப்புக்கு இமை அசையாது. இருட்டில் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும். உள்ளே போகும் கற்றையை வில்லை விழித்திரையில் ஊசிமுனை போன்ற புள்ளியாகக் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி கிடையாது. அன்று எனக்கும் வலிக்கவில்லை. மறுநாள் காலை பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முயன்றபோதுதான் தெரிந்தது. கண் மருத்துவர் கட்டம் போட்ட தாளைக் காட்டி, எங்கே கோடு வளைகிறது என்று கேட்டார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது என் கற்பனை அல்ல. அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் (என்ஐஎஸ்டி) 2010-இல் மலிவான பச்சை லேசர்களை வாங்கிச் சோதித்தது. 10 மில்லிவாட் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) என்று விற்கப்பட்ட ஒன்றில் பச்சை மங்கலாகத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட் வந்தது. ஒரு சிடி தகட்டையும் வெப்கேமையும் வைத்தே கசிவைக் கண்டுபிடிக்கலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். அதை வீட்டில் செய்துபார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிடியில் பட்டுத் தெறிக்கும் கற்றை எந்தப் பக்கம் போகும் என்பது புதியவர்களுக்குத் தெரியாது.

குளிரில் மங்கினால் அணைத்துப் பையில் போடுங்கள். அன்று மீதி இரவை நாங்கள் குறுகிய ஒளிக்கற்றை கொண்ட டார்ச்சால் ஓட்டினோம். அறுமீன் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒட்டுச்சீட்டை நம்புவது

கண்ணில் படும் லேசர்களை வலுவைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள்: 1 மில்லிவாட் வரை 2-ஆம் வகுப்பு, 5 வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் 4. கண் சிமிட்டல் உங்களைக் காப்பாற்றுவது 2-ஆம் வகுப்பில் மட்டுமே. 4-ஆம் வகுப்பில் சுவரில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கலாம். அமெரிக்காவில் பாயிண்டருக்கு வரம்பு 5 மில்லிவாட். 2013-இல் அதே என்ஐஎஸ்டி 122 லேசர் பாயிண்டர்களை அளந்தபோது, பச்சையில் ஏறக்குறைய 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் பாதுகாப்பு விதிகளில் தேறவில்லை. ஒட்டுச்சீட்டில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு இவ்வளவுதான் மரியாதை.

கூடவே வரும் இலவசப் பாதுகாப்புக் கண்ணாடி

வேண்டாம். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று அச்சிடாத கண்ணாடி வெறும் வண்ண பிளாஸ்டிக். பச்சையைத் தடுக்கும் கண்ணாடியும் 808 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தடுக்காமல் உள்ளே விடக்கூடும்.

குழந்தை கையில்

கொடுக்காதீர்கள்.

விமானம் தூரத்தில்தானே என்பது

கற்றை போகப் போக விரியும். கையடக்க லேசரில் ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர் அகலம் என்பது சாதாரணம். அந்த ஒளி விமானியின் முன்கண்ணாடியில் பட்டுச் சிதறினால் அறை முழுக்கப் பச்சையாகும், அதுவும் ஓடுபாதையைக் கண்ணால் தேடும் நேரத்தில். 2008-இல் சிட்னியில் விமானங்கள் மீது லேசர் அடிக்கப்பட்ட பிறகு, 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட பாயிண்டரை அனுமதியின்றி இறக்குமதி செய்ய ஆஸ்திரேலியா தடை விதித்தது. விமானத்தின் மீது வேண்டுமென்றே லேசர் அடிப்பது அமெரிக்காவில் 2012 முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிரிட்டனிலும் 2018 சட்டப்படி தண்டனை அதே அளவு. சென்னையிலும் விமான நிலையச் சுற்றுப்புறத்தில் லேசர் ஒளி பாய்ச்சக் காவல்துறை தடை ஆணை பிறப்பித்திருக்கிறது. வான்நோக்குக்காக மொட்டை மாடியில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். நகரும் விளக்கு ஒன்று கண்ணில் பட்டாலே எங்கள் குழுவில் லேசரை அணைத்துவிடுவோம், அது செயற்கைக்கோளா விமானமா என்று யோசித்துக்கொண்டு நிற்பதில்லை.