ஆன்லைனில் கல்லூரி: ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் மட்டும் இருந்தால்

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். இரண்டு வாரம்தானே என்று புத்தகத்தையெல்லாம் ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பியவர்கள், அதற்கப்புறம் மாதக்கணக்கில் போனை வைத்துத்தான் படித்தார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். மழைக்கோ வேறு எதற்கோ உங்கள் வகுப்பும் போனுக்கு மாறினால், முதலில் பார்க்க வேண்டியது டேட்டா.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவசம் என்று அரசு அறிவித்தது பெரிய உதவி. ஆனால் காலையிலிருந்து எல்லா வகுப்பையும் வீடியோவோடு பார்த்தால் அது சாயங்காலம் வரை தாங்காது. உங்கள் கேமராவை அணைத்தால் மட்டும் போதாது, அடுத்தவர் வீடியோ உங்களுக்கு வருவதையும் நிறுத்துங்கள். ஸூமில் அதற்கு ‘ஸ்டாப் இன்கமிங் வீடியோ’ இருக்கிறது. தியரி வகுப்புக்குக் குரல் போதும். கணக்கு, சர்க்யூட் மாதிரி போர்டைப் பார்த்தே ஆக வேண்டிய பாடத்துக்கு டேட்டாவை மிச்சம் பிடியுங்கள்.

சிக்னலே இல்லையென்றால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நோட்ஸைப் போட்டோ எடுத்து, கூடவே பத்து நிமிட வாய்ஸ் நோட்டும் வாட்ஸ்அப்பில் போட்டால் சில எம்பிதான் ஆகும், மொட்டை மாடிக்குப் போய் இறக்கிக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நேரலையில் பாதி அறுந்து அறுந்து கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டில் ஒரே போன், தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்றால், டைம்டேபிள் இரண்டையும் பக்கத்தில் வைத்து யாருக்கு எந்த மணி என்று முன்னாடியே பேசிவிடுங்கள். புரியாத பாடத்துக்கு, ஐஐடி பேராசிரியர்கள் இலவசமாகப் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோவை இரவிலேயே இறக்கி வைக்கலாம்.

தேர்வுதான் பெரிய விஷயம். தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். நன்றாக எழுதியும் ஏற்ற முடியாமல் அழுத நண்பர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை மட்டும் ஒரு தடவையாவது ஒத்திகை பாருங்கள். எழுதுவதற்கு முன்பே எல்லாத் தாளிலும் பதிவு எண்ணும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். விளக்கு தலைக்கு மேல் இருந்தால் கை நிழல் தாளில் விழும், ஜன்னல் பக்கம் தரையில் வைத்து எடுத்தால் எழுத்து தெளிவாக வரும். கேம்ஸ்கேனரை 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், கூகுள் டிரைவில் உள்ள ஸ்கேன் வசதியே போதும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஃபைலும் சின்னதாகிவிடும். ஏற்றுவதற்கு முன் ஒரு முறை திறந்து, பக்கம் ஏதும் தலைகீழாகவோ விட்டுப்போயோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏறியதும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அசல் தாளையும் அனுப்பச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விரைவு அஞ்சலில் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ரிசல்ட்டில் ‘ஆப்சென்ட்’ என்று வந்துவிட்டால் கையில் காட்டுவதற்கு இவைதான் இருக்கும்.