மார்பகத்தைக் காப்பதா, முழுவதும் நீக்குவதா: முடிவுக்கு வரும் வழிமுறை

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டில் முதலில் எழும் குரல், "முழுசா எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா இருக்கலாம்" என்பதுதான். என் அக்காவுக்கு நோய் தெரிந்த நாளில் அதைச் சொன்னவள் நானே. அது அவசரப் பேச்சு என்று விளங்க எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. தொடக்கநிலை நோயில் பரிசோதனைக்கும் யோசனைக்கும் அந்த அளவு அவகாசம் பொதுவாகக் கிடைக்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அதில் நான் கற்ற வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி, காகிதங்களைச் சேர்ப்பது. இரு மார்பகங்களின் மாமோகிராம், அக்குளையும் சேர்த்துப் பார்த்த அல்ட்ராசவுண்டு, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் செய்த பயாப்ஸி அறிக்கை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பயாப்ஸி அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் ஆகியவற்றின் முடிவுகள் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்; எந்த மருந்து பலன் தரும் என்பதற்கு அவைதான் வழிகாட்டி. கட்டியை முதலில் அறுத்து எடுத்துவிட்டு அது என்னவென்று பிறகு பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் அதற்கு உடன்படத் தயங்குங்கள். திட்டமில்லாமல் விழுந்த அந்த வெட்டு, பின்னர் முறையாகச் செய்ய வேண்டிய அறுவையைச் சிக்கலாக்கிவிடும். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால், ஆய்வகத்திலிருந்து பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துணுக்கு) ஸ்லைடையும் (அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடு) வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.

இரண்டாம் படிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கட்டியையும் அதைச் சுற்றி நோயற்ற சதையில் ஒரு விளிம்பையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது ஒரு வழி. மார்பகம் முழுவதையும் நீக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் அறுவை மருத்துவர் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. இரு பிரிவுப் பெண்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் வாழ்ந்திருந்தார்கள். முழுவதும் எடுத்தால் ஆயுள் கூடும் என்ற எங்கள் நம்பிக்கை அங்கேயே உடைந்தது. ஆனால், ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் அது 39 சதவீதம். ஆகவே மார்பகத்தைக் காக்கும் வழியில் கதிர்வீச்சு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் ஒன்றன்று. சிகிச்சையின் பாதியே அதுதான். முழு நீக்கத்துக்குப் பிறகும் மார்புச் சுவரில் நோய் திரும்பக்கூடும் என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள். கீமோதெரபி வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் நோயின் தன்மையே தீர்மானிக்கிறது. மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டதால் கீமோவிலிருந்து தப்பிவிட முடியாது.

அடுத்து, காக்கும் வழி உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கட்டியின் அளவைத் தனியே பார்க்காமல், மார்பகத்தின் அளவோடு ஒப்பிட்டே முடிவு செய்வார்கள். பெரிய கட்டியானாலும் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு மார்பகத்தைக் காக்க முடிவதுண்டு. அப்படியானால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சிறிய உலோகக் கிளிப் வைப்பார்களா என்று கேளுங்கள். மருந்தில் கட்டி மறைந்துவிட்டால், எங்கே அறுப்பது என்பதற்கு அந்தக் கிளிப்தான் அடையாளம். மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோய், ஏற்கெனவே மார்பில் கதிர்வீச்சு பெற்றிருத்தல், பல இடங்களில் பரவலான கட்டிகள் போன்றவை இருந்தால் பெரும்பாலும் முழு நீக்கமே பரிந்துரைக்கப்படும். தாய், சகோதரி என்று குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தாலோ, உங்களுக்கு இளம் வயதிலேயே வந்திருந்தாலோ, பரம்பரையாக இந்நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை பற்றி அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நான்காவது, போக்குவரத்துக் கணக்கு. இதை யாரும் மருத்துவக் கேள்வியாக எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன். நம்மூரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லப்படும் கதிர்வீச்சை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரங்களுக்கோ, சில இடங்களில் ஐந்து வாரங்களுக்கோ கொடுப்பார்கள். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து, பிறகு பேருந்து பிடித்து அடையாறு செல்ல வேண்டியவர், உடன் வர ஆள் உண்டா, தங்க இடம் உண்டா என்று முன்பே யோசிக்க வேண்டும். பாதியில் விட்டுவிட நேரும் என்று தோன்றினால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குள் நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) நோய் இருந்தாலோ, முழு நீக்கத்துக்குப் பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதால், கரண்டுக்குப் பயந்து மட்டும் முழு நீக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அக்குள் பற்றித் தனியாகப் பேசுங்கள். முன்பு நெறிகளை மொத்தமாக எடுப்பதே வழக்கம். அதனால் சிலருக்குக் கை வீங்கி, நாள்பட நீடிக்கும். இப்போது தொடக்கநிலை நோயில், நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, முதலில் நிணநீர் சென்று சேரும் சில நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் காவல் நெறி பயாப்ஸி உண்டு.

முழு நீக்கம் என்று முடிவானால், சிலிகான் பை வைத்தோ வயிறு, முதுகுச் சதையைக் கொண்டோ மார்பகத்தை மீட்டமைக்கலாம். அதே அறுவையிலும் செய்யலாம், பிற்பாடும் செய்யலாம். "இந்த வயசுல எதுக்கு" என்று உறவினர் சொல்வது மருத்துவக் காரணம் ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுவிடலாம்.

கடைசியாக, ஒப்புதல் படிவம். எந்தப் பக்கம், எந்த அறுவை என்று அதில் தெளிவாக இருக்கிறதா என்று படியுங்கள். அறுவை நடக்கும்போதே தேவைப்பட்டால் மார்பகத்தை முழுவதும் நீக்கலாம் என்ற வரி இருந்தால், எந்த நிலையில் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். எடுத்த சதையின் விளிம்பில் புற்றணுக்கள் இருப்பதாகப் பின்னர் வரும் ஆய்வக அறிக்கை சொன்னால், இரண்டாவது முறை அறுவை தேவைப்படலாம். அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. முன்பே கேட்டு வைத்திருந்ததால், அறிக்கையை வாங்கிக்கொண்டு, அடுத்த தேதி என்ன என்று மட்டும் விசாரித்தாள்.