பழைய புத்தகத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்

நாகர்கோவில் வடசேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தாத்தா பெட்டியில் கிடைத்த புத்தகத்தோடு வந்து, "இதை ஸ்கேன் பண்ணி நெட்டில் போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்பவர்களுக்காக இது.

முதலில் ஆசிரியர் இறந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள். அதோடு 61-ஐக் கூட்டுங்கள்; இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுக்கு உரிமை நீடிக்கும். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. தேரூர் கவிமணி மறைந்தது 1954-ல். அவர் காலத்தில் அச்சேறிய பாடல்களை 2015 முதல் யாரும் வெளியிடலாம். சுந்தர ராமசாமி மறைந்தது 2005-ல். 2065 முடியும்வரை உரிமையாளரைக் கேட்டாக வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்து என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

முன்னுரைக்கும் படத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. வில்லுப்பாட்டுக் கதை வழிவழியாக வந்தது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; ஆனால் பதிப்பாசிரியர் எழுதிய குறிப்புரை அவருடையது.

ஆசிரியர் யாரென்றே தெரியாமல் வெளிவந்த நூலுக்கு, வெளியான ஆண்டோடு 61. இங்கேதான் நம்மூர்ப் புத்தகங்கள் ஆளைக் குழப்பும். திருவிதாங்கூர் காலத்து அச்சில் 1110 என்று இருந்தால் அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. அதை ஆங்கில ஆண்டாக்க வேண்டும். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரி முதல் என்றால் 825 கூட்டுங்கள். மாதம் போடவில்லையா? 825-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், வம்பில்லை.

சரி, பெயர் இருக்கிறது, இறந்த ஆண்டும் தெரியவில்லை, வாரிசும் அகப்படவில்லை என்றால்? காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 31ஏ பிரிவில் வெளியிட உரிமம் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். கோட்டாற்றில் அச்சான சின்னப் பாட்டுப் புத்தகத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

எழுதியவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. 60 ஆண்டு அப்படியே இருக்கட்டும். உரிமையாளர் கிடைக்காத நூல்களுக்கு மட்டும், காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அறிவிப்புப் போட்டு, ஆறு மாதத்தில் யாரும் வராவிட்டால் லாபநோக்கமின்றி வெளியிடலாம் என்று சட்டத்தைத் திருத்தலாம். பிறகு வாரிசு வந்து கேட்டால் எடுத்துவிட வேண்டும்.

இதையே மனுவாக எழுதி நம் எம்.பி.க்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். புத்தகத்தின் தலைப்புப் பக்க நகலை இணையுங்கள்; வாரிசைத் தேடி எங்கெங்கே விசாரித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், படிக்க மாட்டார்கள்.