பழைய சொகுசு காரைக் குறைந்த செலவில் வைத்திருப்பது எப்படி: முதல்முறை வாங்குபவர்களுக்கு

சொகுசு காருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானதும் விலை மளமளவென்று இறங்கிவிடும். ஒரு சின்னப் புதுக் காரின் விலைக்கே பெரிய மெர்சிடிஸோ பிஎம்டபிள்யூவோ கிடைக்கும். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலையும் வேலைக்கூலியும் அப்படி இறங்குவதில்லை. அதனால், இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைவிட, புதிதாக விற்றபோது என்ன விலை என்பதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பராமரிப்புச் செலவு அந்த விலையை ஒட்டித்தான் வரும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர்கள் இந்த வண்டிகளைப் பல வருடம் நிம்மதியாக ஓட்ட முடியும்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் உள்ள மொத்தப் பணத்துக்கும் வண்டி வாங்காதீர்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருடத்தில் அது செலவாகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஓனர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இன்சூரன்ஸ், டயர் விலை இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாடலின் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் பேர்போன ஒரு பலவீனம் உண்டு. மெர்சிடிஸின் எம்272 வி6 எஞ்சினில், ஆரம்பகாலத் தயாரிப்புகளில், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் கியர் தேய்ந்துபோகும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது தேய்ந்தால் வேலை மிகப் பெரிது. 2002-இல் வந்த டபிள்யூ211 இ-கிளாஸில் மின்சாரத்தை நம்பி இயங்கும் எஸ்பிசி பிரேக் இருந்தது. 2006 மாற்றத்தில் மெர்சிடிஸ் அதைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பியது. ஆக, ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு வண்டிகளில் எந்த வருடத்து வண்டி என்பதே செலவைத் தீர்மானித்துவிடும்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு: டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனுக்குப் பதில் சாதாரண காயில் ஸ்பிரிங். எட்டு சிலிண்டரின் சத்தம் ஆசையாகத்தான் இருக்கும். முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

படி 3: பார்க்கப் போகும்போது

எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செயின் சத்தம், புகை, ஐட்லிங் தடுமாற்றம் எல்லாம் காலையின் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும்.

அப்புறம் கால்மிதியைத் தூக்கி, அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். ஈரம் இருந்தால் சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம். சில மாடல்களில் எலக்ட்ரானிக் மாட்யூல்கள் (கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) அந்தத் தரைக்கடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் தேங்கினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும்.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நாலு டயரும் நாலு கம்பெனி, நாலு வருடம் என்றால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அந்த ஓனர் அப்படித்தான் செலவு செய்திருப்பார். சர்வீஸ் பில்கள் இல்லாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கும்போது கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது. ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முழுமை அடையவில்லை என்று காட்டினால், அண்மையில் கோடுகளை, அதாவது பதிவான கோளாறு எண்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

படி 4: வாங்கியதும் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்

எஞ்சின் ஆயிலில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்று ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். டப்பாவின் பின்னால் மெர்சிடிஸின் எம்பி 229.5, பிஎம்டபிள்யூ எல்எல்-01 என்று கார் கம்பெனியின் அனுமதி எண் இருக்கும். உங்கள் கையேட்டில் எது இருக்கிறதோ அதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி, ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை’ என்று கார் கம்பெனிகள் சொல்வதுண்டு. நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூ, ஜாகுவார், ஆடி என்று பல வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இந்த வேலையை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். தப்பினால் கியர்பாக்ஸே போகும்.

அதிகக் கவனம் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அமைப்புக்குத் தேவை. இந்த வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் டேங்க், ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் கூடு எனப் பாதிக்குமேல் பிளாஸ்டிக். பல வருடம் சூட்டில் வெந்து, விரலால் அழுத்தினாலே உடையும் அளவுக்கு நொறுங்கிப்போயிருக்கும். உடைந்தால் கூலன்ட் கொட்டி, அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில நூறு கிராம் பிளாஸ்டிக்கால் எஞ்சினையே இழப்பது அப்படித்தான். இணைப்புகளில் காய்ந்த உப்புப் படிவம் மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே கசிந்திருக்கிறது. 1995 முதல் வந்த இ39 பிஎம்டபிள்யூ 5-சீரிஸ் போன்ற வண்டிகளில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டேங்க், ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் சிக்கனம். ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலன்ட்டும் கூலியும் மறுபடி செலவு.

இன்னொன்று: அந்தக் காலத்து பிஎம்டபிள்யூக்களில் டெம்பரேச்சர் முள் உண்மை வெப்பத்தைக் காட்டுவதில்லை. பரந்த ஒரு வரம்புக்குள் எது இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் ஏறத் தொடங்கியதுமே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

படி 5: முதலில் காரணம், அப்புறம் பார்ட்ஸ்

உங்கள் கார் எந்தக் கம்பெனியோ அந்த வண்டிகளுக்கென்றே உள்ள ஒரு ஸ்கேனரை வாங்குங்கள். பொதுவான ஓபிடி கருவி எஞ்சினோடு நின்றுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன் மாட்யூல்களைப் பெரும்பாலும் படிக்காது.

கோடு என்பது அறிகுறி மட்டுமே. பி0171 வந்தால் எரிபொருளுக்கு வேண்டிய அளவைவிடக் காற்று அதிகம் என்றுதான் அர்த்தம். ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது என்று உடனே விலை கேட்கப் போகாதீர்கள். ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம்மை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ் பக்கம் அதிகமாக இருந்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு கண்ணில் படலாம். அதற்கு மாறாக, வேகமெடுக்கும்போது டிரிம் ஏறினால் எரிபொருள் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் தேடுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இரவில் ஒரு மூலையில் மட்டும் இறங்கினால், சோப்புத் தண்ணீரை அந்த மூலையின் ஏர் பையிலும் குழாய் இணைப்பிலும் தெளியுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. தள்ளிப்போட்டால் அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி, அதுவும் போய்விடும்.

பேட்டரி அடிக்கடி இறங்கினால் வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் கழித்து மின்கசிவை அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். இ60 5-சீரிஸ் தலைமுறை முதலான பிஎம்டபிள்யூக்களில் புது பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவும் செய்ய வேண்டும்.

படி 6: பார்ட்ஸ் வாங்குவது

கார் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாங்களே செய்வதில்லை. போஷ், மாலே, லெம்ஃபோர்டர், சாக்ஸ், மான் போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகிறார்கள். அதே பாகம் செய்தவர் பெயரிலேயே வந்தால் விலை குறையும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கதவுக் கைப்பிடி, சீட் ஸ்விட்ச், கண்ணாடி, உள் அலங்காரம் இவற்றைப் பழையதாக வாங்கலாம். ரப்பர், பிரேக், ஏர்பேக் வேண்டவே வேண்டாம்.

படி 7: மெக்கானிக்கும் நோட்டும்

உங்கள் கார் கம்பெனியின் வண்டிகளையே பார்க்கும் தனி ஒர்க்‌ஷாப் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எடுத்த எடுப்பில் பார்ட் மாற்றச் சொல்பவரைவிட, சோதனை செய்ததற்குக் கூலி கேட்பவர் மேல். செய்த வேலை, தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாக்கி வேலைகளை வரிசைப்படுத்துங்கள். பிரேக், டயர், ஸ்டியரிங் முதலில். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கெடுக்கக்கூடிய கசிவுகள் அடுத்து. ஸ்பீக்கர், சீட் ஹீட்டர், மெல்ல மூடும் டிக்கி எல்லாம் பணம் மிஞ்சும்போது.