மீட்ட புறாக்குஞ்சை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னாலோ ஜன்னல் விளிம்பிலோ தனியாகக் கிடக்கும் மாடப்புறாக் குஞ்சைக் கையில் எடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, இங்க் ஃபில்லரால் பாலோ தண்ணீரோ ஊற்றுவது. கீழே விழுந்தும் பிழைத்த குஞ்சு இதில் செத்துப்போகும். காக்கை, குருவிக் குஞ்சுகள் தின்னும் விதம் வேறு, புறாக்குஞ்சு தின்னும் விதம் வேறு. வளர்ப்பில் நடக்கும் தவறுகளில் பாதி இது தெரியாததால் வருபவை.

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பத்து நாள் தாண்டிய குஞ்சைத் தாயும் தகப்பனும் பகலில் மணிக்கணக்கில் தனியே விட்டுவிட்டு, ஊட்ட மட்டும் வந்துபோகும். தள்ளி நின்று காலை முதல் மாலை வரை கவனியுங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சில் இருக்கும் தீனிப்பை புடைத்திருந்தால் ஊட்டல் நடக்கிறது. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால், விழுந்த குஞ்சைத் திரும்ப வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதில் உண்மை இல்லை. பூனை கவ்விய குஞ்சை மட்டும் அப்படி வைக்கக் கூடாது. காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் பூனை எச்சிலிலுள்ள கிருமி ரத்தத்தில் பரவிக் கொன்றுவிடும். 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் வாங்குங்கள். கையில் இருப்பது மணிப்புறாவோ பச்சைப்புறாவோ என்றால் அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை, வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கிடைத்தது குஞ்சாக இல்லாமல், காலில் எண் பொறித்த வளையம் உள்ள வளர்ந்த புறா என்றால், அது பெரும்பாலும் யாரோ வளர்க்கும் பந்தயப்புறா. தண்ணீரும் தானியமும் கொடுத்து ஓரிரு நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே கிளம்பிவிடும்.

அடுத்த தவறு, குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு உடனே ஊட்டுவது. உடல் சூடில்லாமல் தீனி செரிக்காது, பையிலேயே கிடந்து புளித்துவிடும். முதலில் சூடு, பிறகு நீர், அதன்பிறகே தீனி. மஞ்சள் பூமயிர் மட்டுமே உள்ள குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அட்டைப்பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால், சூடு அதிகமாகும்போது குஞ்சு மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து இரைத்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்குள் வெறும் செய்தித்தாளை விரிக்காதீர்கள். கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, அப்படியே ஊனமாகிவிடும். சொரசொரப்பான துண்டை வட்டமாகச் சுருட்டிக் கிண்ணம் போல வையுங்கள்.

இனி ஊட்டல். முதல் வாரம் முழுக்கத் தாயும் தகப்பனும் தங்கள் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலைத்தான் கொடுக்கின்றன. புரதமும் கொழுப்பும் நிறைந்த அதற்கும் மாட்டுப்பாலுக்கும் தொடர்பே இல்லை. மாட்டுப்பாலிலுள்ள சர்க்கரையைப் பறவைகளால் செரிக்க முடியாது, கழிச்சல் கண்டு நீர் வற்றிவிடும். பாலில் நனைத்த பிரெட்டும், பால்பொடி கலந்த குழந்தை உணவும் இதே கணக்குதான். கிளிக்குஞ்சுகளுக்கென்று பெட் ஷாப்பில் கிடைக்கும் ஊட்டுமாவை வெந்நீரில் கரைத்து, 38 முதல் 40 டிகிரி சூட்டில் கொடுங்கள். 43 டிகிரியைத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிமானம் நின்றுவிடும். தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், விரலை நம்ப வேண்டாம்.

புறாக்குஞ்சு வாயைப் பிளந்து காத்திருக்காது. தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்துத்தான் தின்னும். அதனால் 10 மி.லி. சிரிஞ்சின் முனைப்பக்கத்தை அறுத்து, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்து, சிரிஞ்சின் அறுத்த வாயில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, அலகு நுழையுமளவு கீறல் போடுங்கள். குஞ்சு தானே அலகை நுழைத்து உறிஞ்சும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும்: 100 கிராம் குஞ்சுக்கு 10 மி.லி. தீனிப்பை பாதி ஊதிய பலூன் போல மெத்தென்று இருக்க வேண்டும். அது ஏறக்குறைய காலியான பிறகே அடுத்த வேளை. இரவு ஊட்டியது காலையிலும் அப்படியே இருந்து புளித்த வாடை வந்தால், மேலே எதுவும் ஊட்டாமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு வாரத்துக்குட்பட்ட குஞ்சைக் கையால் வளர்ப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். பக்கத்தில் கர்ணப்புறாவோ (குட்டிக்கரணம் அடிக்கும் வகை) ஹோமரோ (பந்தயப்புறா வகை) வளர்ப்பவர் இருந்தால், அதே வயதுக் குஞ்சுள்ள ஜோடியிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வளர்ப்புப் புறாக்கள் பெரும்பாலும் அதையும் சேர்த்து ஊட்டும், இதைவிட நல்ல வழி இல்லை.

இறகு முளைத்த பிறகு மாவை நிறுத்தலாம். ஃப்ரோசன் பச்சைப் பட்டாணியை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி, அலகைத் திறந்து நாக்குக்குப் பின்னே ஒவ்வொன்றாக வையுங்கள். மூன்று வாரக் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு 30 வரை, நாளுக்கு மூன்று வேளை. எட்டு மணி நேரம் ஊறிய பச்சைப்பயறும் ஆகும். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே, அதன் பின்புறம் இருப்பதால் நேரே நுரையீரலுக்குப் போகும். வெதுவெதுப்பான நீர்க் கிண்ணத்தில் அலகின் நுனியை மட்டும் நனைத்துக் காட்டினால் உறிஞ்சிக் குடிக்கும். மூக்குத் துளை நனையக் கூடாது.

நான்கு வாரத்தில் தானியம் தூவி, விரல்நுனியால் தட்டிக் காட்டுங்கள். கொத்த ஆரம்பித்த அன்றே கையூட்டலை நிறுத்துவது பெரிய தவறு. கொத்துவது வேறு, விழுங்குவது வேறு. தினமும் காலையில் சமையல் தராசில் நிறுத்து, எடை குறையவில்லை என்று தெரிந்த பிறகு வேளைகளைக் குறையுங்கள். வளர்ந்த புறாவுக்கு நாளுக்குச் சுமார் 30 கிராம் தீனி: கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கோதுமை, பயறு, பட்டாணி கலந்து. அரிசி மட்டும் போட்டால் சத்துக் குறையும். கிளிஞ்சல் தூளும் சிறு கல்மணலும் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். அந்தச் சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வெயிலும் வேண்டும்; கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது, நேர் வெயில் படவேண்டும்.

நோயைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் நடக்கிறது. கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றும் புறாவைக் கழுத்தொடிந்தது என்று கைவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வைரஸ் நோய். கையால் ஊட்டினால் பல வாரங்களில் தேறுபவை நிறைய உண்டு. கண்ணையும் அலகையும் சுற்றி மருப்போல வந்தால் கொசு பரப்பும் அம்மை, கொசுவலை கட்டுங்கள். வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போலப் படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், ரத்தம் கொட்டும். அதற்கு மருந்து உண்டு.

பழக்கும்போது, மேலிருந்து கைநீட்டிப் பிடித்தால் பருந்தின் பாய்ச்சலாகத்தான் புறாவுக்குப் படும். தரையில் உட்கார்ந்து, உப்பில்லாத பச்சை வேர்க்கடலைத் துணுக்கை உள்ளங்கையில் வைத்து, தானே வரும்வரை இருங்கள். சிறகால் அடித்துக் குமுறினால் தன் இடத்தைக் காக்கிறது, அதட்ட வேண்டாம். வீட்டுக்குள் பறக்கவிடும்முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், இதில் சிறகொடிந்த புறாக்கள் ஏராளம். கூண்டில் உருண்டைக் கம்புக்குப் பதில் தட்டைப் பலகை வையுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், நனைத்து, முகக்கவசத்தோடு துடையுங்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமா உள்ளவர் தூங்கும் அறையில் புறா வேண்டாம்.

தனியாக வளரும் பெண் புறாவும் முட்டையிடும். முட்டையை உடனே எடுத்தால் மறுபடி இட்டு, சுண்ணாம்புச் சத்து வற்றிப்போகும். அதே அளவுள்ள போலி முட்டையை வைத்து, புறா சலித்து எழுந்துபோகும்வரை, ஏறத்தாழ மூன்று வாரம், அடைகாக்க விடுங்கள்.