இரண்டு காலக் கதையும் இரண்டு திருமதி சிம்ப்சன்களும்

நாவலின் ஓர் அத்தியாயம் 1936 லண்டனில் நடக்கிறது. புரட்டினால் அடுத்தது 1997 பாரிஸ். பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்ட் முடிதுறந்த கதையையும், அதற்குக் காரணமான வாலிஸ் சிம்ப்சனுக்கும் அவருடைய பள்ளித்தோழி மேரி கர்க்குக்கும் நடுவே முறிந்த நட்பையும் இப்படி இரண்டு காலங்களில் சொல்லும்போது, நூறு பக்கம் தாண்டுவதற்குள் பலருக்குப் பிடி நழுவிவிடுகிறது.

முதலில் நழுவுவது அத்தியாயத் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஊரும் தேதியும். வாரப் பத்திரிகைத் தொடர்களில் சரித்திரக் கதை படித்துப் பழகிய கண் அதைத் தாண்டி நேராக முதல் வரிக்குப் போய்விடும். அங்கே கதை ஒரே திசையில் ஓடியதால் அதனால் நஷ்டமில்லை. இங்கே 1931-க்கும் 1936-க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரு விருந்துக் காட்சியின் அர்த்தமே மாறிவிடும். முந்தைய ஆண்டின் ஜனவரியில்தான் வாலிஸ் இளவரசரை முதன்முதலாகச் சந்தித்தார். பிந்தைய ஆண்டின் ஜனவரியில் அதே மனிதர் அரசர். ஒலிப்புத்தகத்தில் கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தேதியை ஒரே தடவைதான் சொல்வார்கள். தவறவிட்டால் பின்னால் நகர்த்திக் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு பழக்கம், அரண்மனைக் கதை ருசிக்கிறது என்று நிகழ்கால (அதாவது 1997) அத்தியாயங்களைத் தாண்டிப் போவது. ஒரு காலத்தில் போட்ட முடிச்சை மற்றதில் அவிழ்ப்பதுதான் இந்த வகை நாவலின் கட்டுமானம். பாதியை விட்டால் முடிச்சு மட்டும்தான் மிஞ்சும். ஓர் அமர்வில் குறைந்தது ஒரு ஜோடி அத்தியாயத்தையாவது, பழையதும் புதியதுமாக, முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். அரசரை வீட்டில் டேவிட் என்றுதான் கூப்பிட்டார்கள். 1936 ஜனவரி 20 வரை வேல்ஸ் இளவரசர், டிசம்பர் 11 வரை எட்டாம் எட்வர்ட், அதன்பின் வின்ட்சர் கோமகன். அவருடைய தம்பி வீட்டில் பெர்ட்டி, அரியணையில் ஆறாம் ஜார்ஜ். வாலிஸ், பிறந்த வீட்டில் வார்ஃபீல்ட். பிறகு ஸ்பென்சர், சிம்ப்சன், கடைசியில் வின்ட்சர் கோமகள். மேரி கர்க் முதல் திருமணத்தால் ராஃப்ரே ஆனார். 1937 நவம்பரில் அவர் மணந்தது யாரை? வாலிஸ் விவாகரத்து செய்த அதே எர்னஸ்ட் சிம்ப்சனை. ஆக, 1938-ல் எழுதியதாக வரும் கடிதத்தில் ‘திருமதி சிம்ப்சன்’ என்றிருந்தால் அது மேரி. போதாக்குறைக்கு அரசரின் தாயாரும் ராணி மேரி.

திருப்பத்தை இங்கேயே போட்டுடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வரலாற்று மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று முன்கூட்டித் தெரிவதால் இந்த நாவல்கள் கெடுவதில்லை. கெடுவது, நூலாசிரியரின் பின்குறிப்பை முதலில் படித்தால்தான். எதைக் கற்பனையாகச் சேர்த்தார் என்பதை அதில்தான் சொல்லியிருப்பார். நிகழ்காலக் கதையின் மர்மம் பெரும்பாலும் அந்தக் கற்பனையில்தான் உட்கார்ந்திருக்கும்.

வாசகர்கள் அதிகம் வழுக்குவது விவாகரத்து விஷயத்தில். ‘எட்வர்ட் கொஞ்சம் பொறுத்திருந்து வாலிஸைக் கல்யாணம் செய்திருக்கலாமே’ என்று கேட்பவர்கள் அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். தகாத உறவை நிரூபித்தால் மட்டுமே அப்போது விவாகரத்து கிடைக்கும். அதனால் கணவன் வேறொரு பெண்ணோடு ஹோட்டலில் தங்கி, அங்குள்ள ஊழியர்களையே சாட்சியாக்குவது ஒரு நடைமுறையாக இருந்தது. எர்னஸ்ட் 1936 ஜூலையில் தேம்ஸ் கரையில் உள்ள பிரே ஊரில் அப்படித்தான் தங்கினார். அக்டோபர் 27-ல் இப்ஸ்விச் நீதிமன்றம் கொடுத்தது இடைக்காலத் தீர்ப்பு மட்டுமே. இறுதித் தீர்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு நாடகமாடினார்கள் என்றோ, மனு போட்டவரே தவறு செய்தார் என்றோ அதற்குள் தெரியவந்தால் வழக்கே அடிபட்டுப் போகும். முடிசூட்டு விழாவோ 1937 மே 12 என்று குறித்தாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு மாதம் முடிவது ஏப்ரல் 27. கையில் மிஞ்சுவது பதினைந்து நாள்.

இதைப் பிடித்துக்கொண்டால் நாவலைச் சோதிக்க ஒரு அளவுகோலும் கிடைக்கிறது. முடிதுறந்த எட்வர்ட் ஆஸ்திரியாவுக்குப் போனார். வாலிஸ் அதற்கு முன்பே பிரான்சின் கான் நகருக்குப் போய்விட்டார். இறுதித் தீர்ப்பு 1937 மே 3-ல் வந்தது. அதற்கு மறுநாள்தான் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் இருவரும் ரகசியமாகச் சந்திப்பதாக ஒரு காட்சி வந்தால், அது எழுத்தாளரின் கைவரிசை. ரசிக்கலாம், ஆனால் வரலாறு என்று மேற்கோள் காட்டக் கூடாது.

விவாகரத்தான பெண்ணை அரசர் மணக்கச் சட்டத்தடை இருந்தது என்று சொல்வதும் தவறு. அப்படியொரு சட்டம் இல்லை. முன்னாள் துணை உயிரோடிருக்க மறுமணம் செய்வதை இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. அந்தத் திருச்சபைக்கு அரசரே தலைவர். மனைவிக்கு ராணிப் பட்டம் இல்லாத திருமணம் என்ற யோசனையைப் பிரதமர் பால்ட்வினின் அமைச்சரவையும் ஏற்கவில்லை. அமைச்சர்களின் ஆலோசனையை மீறினால் அரசாங்கம் ராஜினாமா செய்யும். நெருக்கடி அங்கேதான் இருந்தது.

1936 கோடைகாலக் காட்சியில் லண்டன் கடைக்காரர் ஒருவர் வாலிஸை அடையாளம் கண்டு முணுமுணுத்தால் சந்தேகப்படுங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தபோதும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் டிசம்பர் 3 வரை வாய் திறக்கவில்லை. முடிதுறப்புப் பத்திரத்தில் எட்வர்ட் கையெழுத்திட்டது 10-ஆம் தேதி. பொதுமக்களுக்குத் தெரிந்ததும் அரசர் போனதும் ஒரே வாரத்தில்.

நட்பைப் பற்றிய பகுதியை ‘தோழியின் கணவனைத் தட்டிப் பறித்தவள்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது நாவலுக்குச் செய்யும் பெரிய அநியாயம். யார் யாரை முதலில் கைவிட்டார்கள் என்பதைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். எர்னஸ்ட் மேரியை மணந்தது, வாலிஸ் எட்வர்டை மணந்த 1937 ஜூன் 3-க்கு ஐந்து மாதம் கழித்து. மேரி 1941-லேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். வாலிஸின் தன்வரலாறு வந்தது 1956-ல். பதில் சொல்ல மேரி அப்போது இல்லை. நாவல் யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டே போகலாம்.

1997-ஐ எழுத்தாளர் வலிந்து ஒட்டவைத்தார் என்று சலித்துக்கொள்வதும் அவசரம்தான். வின்ட்சர் தம்பதி பாரிஸில், புவா த பூலோன் காட்டோரம் வாழ்ந்த மாளிகையைக் கோமகள் 1986-ல் இறந்தபின் குத்தகைக்கு எடுத்தவர் எகிப்தியத் தொழிலதிபர் முகமது அல் ஃபயத். அவருடைய மகன் டோடியோடு இளவரசி டயானா அங்கே போய் வந்தது 1997 ஆகஸ்ட் 30. அன்று நள்ளிரவு கடந்ததும் சுரங்கப்பாதை விபத்து. மாளிகைப் பொருள்களின் ஏலம் அந்தச் செப்டம்பரில் நடப்பதாக இருந்து, 1998 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

கதையில் கைமாறும் பொருள் நகையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராகுங்கள். கோமகளின் நகைகள் 1987 ஏப்ரலிலேயே ஜெனீவாவில் ஏலம் போய்விட்டன. அதன் பணம் பாரிஸின் பாஸ்டர் (Pasteur) மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றது. பத்து வருடம் கழித்துப் பாரிஸ் வீட்டில் ஒரு நகை கிடைக்கிறது என்றால், அது எப்படி ஏலத்துக்குத் தப்பியது என்று நாவல் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நழுவினால் பக்க எண்ணைக் குறித்துவைத்து, கடைசியில் பின்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.