செய்தி சேகரிப்பில் வாசகர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

புதிதாக நிருபர் வேலைக்கு வந்தவர்களுக்கும், தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே எழுதத் தொடங்கியவர்களுக்கும் இந்த விளக்கம். செய்தி வந்த பிறகு வாசகர்களிடம் கருத்துக் கேட்பது சுலபம். செய்தியையே அவர்களோடு சேர்ந்து கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் முறை வேண்டும்.

படி 1: விடை இருக்கிற கேள்வியாக எடுங்கள்

2016ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் டேவிட் ஃபாரன்தோல்ட் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். டொனால்ட் டிரம்ப் கொடுத்ததாகச் சொல்லும் நன்கொடைகளை உண்மையில் கொடுத்தாரா? தொண்டு நிறுவனங்களைக் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வந்துவிடும். "டிரம்ப் நல்லவரா?" என்று கேட்டிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

படி 2: தேடுவதைத் திறந்து காட்டுங்கள்

அவர் நிறுவனங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பெயரையும் பதிலையும் நோட்டில் கையால் எழுதி, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். யாரைக் கேட்டாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்ததால், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று வாசகர்களால் சொல்ல முடிந்தது.

படி 3: சின்ன வேலையாகக் கொடுங்கள்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். "தகவல் இருந்தால் அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. டிரம்ப் அறக்கட்டளையின் 10,000 டாலரில் டிரம்பின் உருவத்தை வரைந்த ஓவியம் ஒன்று ஏலத்தில் வாங்கப்பட்டிருந்தது. தொண்டுப் பணத்தில் வாங்கிய பொருள் சொந்த வியாபார இடத்தை அலங்கரித்தால் அமெரிக்கச் சட்டப்படி சிக்கல். அந்த ஓவியம் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் ஃபாரன்தோல்ட் வாசகர்களிடம் கேட்டது. ஒரு வாசகர், பயணிகள் விடுதிகளைப் பற்றி எழுதிப் படம் போடும் ட்ரிப்அட்வைசர் தளத்தின் படங்களைத் துழாவி, மயாமி அருகே டோரலில் உள்ள டிரம்பின் கோல்ஃப் விடுதியில் அது சுவரில் தொங்குவதைக் கண்டுபிடித்தார்.

ஆவணங்கள் குவிந்துகிடந்தாலும் இதே வழிதான். 2007ல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் அந்நாட்டு நீதி அமைச்சகம் சுமார் 3,000 பக்கங்களை வெளியிட்டது. டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ என்ற அரசியல் செய்தித் தளம் அவற்றை வாசகர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. நீங்களும் இப்படிக் கேட்கும்போது ஆவண எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுங்கள். திரும்பத் தேடும் வேலை மிச்சம்.

படி 4: இன்னொரு கண்ணால் பாருங்கள்

ட்ரிப்அட்வைசர் படம் பழையது. ஓவியம் இன்னும் அங்கேயே இருக்கிறதா? மயாமியில் இருந்த, யூனிவிஷன் என்ற ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சியின் செய்தியாளர் என்ரிக்கே அசெவெடோ அந்த விடுதியிலேயே அறை எடுத்து, நேரில் பார்த்துப் படமெடுத்தார். அதன் பிறகுதான் விஷயம் உறுதியானது. இந்தத் தொடர் செய்திகளுக்கு ஃபாரன்தோல்ட் 2017ல் புலிட்சர் பரிசு பெற்றார்.

உங்களுக்கு ஒரு படம் வந்தால், எடுத்தவர் யார், எப்போது, எங்கிருந்து என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்ததென்றால் முதலில் எடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள். கூகுளில் படத்தை ஏற்றித் தேடினால் பழைய படமா என்பது பல நேரம் தெரிந்துவிடும். அப்புறம், யார்மீது குற்றச்சாட்டோ அவரிடமும் பதில் கேட்டாக வேண்டும். வந்தது எத்தனை நம்பகமான வாசகரிடமிருந்து என்றாலும் இதை விடக்கூடாது.

படி 5: உதவியவரைக் காப்பாற்றுங்கள்

சம்மதம் கேட்டு, சரி என்றால் பெயரோடு நன்றி சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரைப் பொதுவெளியில் பேசவைக்கவே வேண்டாம். தனியாகப் பேச ஒரு எண் கொடுங்கள். அவர் அனுப்பிய படத்தை அப்படியே போடாமல், எடுத்த இடத்தையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் எதுவும் அதில் இல்லை என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.